கல்லும் சொல்லும்

கல்லில் பொறித்த எழுத்தைப் படிக்கும் பயிற்சியை நான் முதுகலை வகுப்பில் பெற்றேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்தப் பயிற்சியின் முதற்பாடம் எனக்குச் சிவகாசியில், எங்கள் வீட்டுத் திண்ணையில், என் அத்தாவிடம் கிடைத்தது. இளமையில் அவர் லித்தோ அச்சகம் ஒன்றில் கல்மேல் படம் எழுதும் தொழிலாளியாக இருந்தார். தீப்பெட்டி லேபிள்களுக்கும் பட்டாசுப் பொட்டலங்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் வேண்டிய படங்களையும் எழுத்துகளையும் வழவழப்பான சுண்ணக்கல் பாளத்தின்மீது கொழுப்பு மையால் எழுதுவது அவர் தொழில். ஈரக்கல் மையை ஏற்காது. எழுதிய இடம் மட்டும் ஏற்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். அவ்வாறு இறங்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடுமாதலால், கல்லில் எழுதுகிறவர் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியே எழுத வேண்டும்.

நான் எழுத்தறியத் தொடங்கிய காலத்தில் ஆஃப்செட் எந்திரங்கள் வந்துவிட்டன. அத்தா வேலை பார்த்த அச்சகத்தின் கொல்லையில் பழைய கற்பாளங்கள் துணி துவைக்கக் கிடந்தன. ஆயினும் அவர் கை தன் பழக்கத்தை மறக்கவில்லை. என் பெயரைச் சிலேட்டில் திருப்பி எழுதிக் காட்டி, அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் படிக்கச் சொல்வார். "படிக்கிறவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாத்து எழுதணும்" என்பார். விளையாட்டாகக் கேட்ட அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்க நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

சென்ற ஆண்டு, நம் துறையில் பயின்று இலண்டனில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர், அங்குள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எடுத்த சில புகைப்படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய கற்கள். அவற்றில் நுண்ணிய உருவங்கள். சுற்றிலும் கிரேக்க எழுத்துகள். "ஐயா, இவை மோதிர முத்திரைகளா?" என்று கேட்டிருந்தார். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தா பழக்கிய கண் முதலில் உருவத்தைப் பார்க்கவில்லை. எழுத்தின் திசையைப் பார்த்தது. எழுத்துகள் திரும்பியிருக்கவில்லை, நேராகவே இருந்தன. முத்திரையாயின் மெழுகிலோ களிமண்ணிலோ பதிந்தபின் படிக்கத்தக்கவாறு திருப்பிச் செதுக்கியிருப்பார்கள். நேராகச் செதுக்கிய கல் பிறருக்குப் பதித்துக் கொடுப்பதற்கன்று. அணிந்தவர் உடம்போடு இருப்பதற்கு. அவை முத்திரைகள் அல்ல, தாயத்துகள்.

அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு சில மாதங்கள் படித்தேன். அறிஞர்கள் இவற்றை மந்திர மணிக்கற்கள் என வழங்குகின்றனர். உரோமப் பேரரசின் காலத்தில், பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் இடையில், எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இவை பெருவழக்காயிருந்தன. அமெரிக்கப் பேராசிரியர் கேம்பல் பானர் 1950இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடித்தளம். இன்று புடாபெஸ்ட் நகரின் நுண்கலை அருங்காட்சியகம் அவர் பெயரிலேயே ஒரு தரவுத்தளம் அமைத்து, உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான கற்களைத் தொகுத்து வருகிறது.

இக்கற்களில் காணும் உருவங்கள் விந்தையானவை. சேவல் தலையும் மனித உடலும் பாம்புக் கால்களும் கொண்ட ஒருவன் கையில் கேடயமும் சாட்டையும் ஏந்தி நிற்கிறான். தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசும் சிங்கமுகப் பாம்பு ஒன்று சுருண்டு நிமிர்கிறது. அதன் பெயர் க்னூபிஸ். தாமரை மலர்மேல் ஒரு குழந்தை விரலை வாயில் வைத்தபடி அமர்ந்திருக்கிறது. அது எகிப்தியரின் ஹோரஸ் என்னும் குழந்தைத் தெய்வம். அருகிலேயே கிரேக்கத் தெய்வங்கள். இவர்களுக்கிடையில் யூத மரபின் இறைப்பெயரும், நாம் மீக்காயீல், ஜிப்ரீல் என்றழைக்கும் வானவர்களின் பெயர்களும் செதுக்கப்பட்டுள்ளன. நாம் நபியாகப் போற்றும் சுலைமானைக் குதிரைமேல் ஏற்றி, தீய சக்தி ஒன்றை ஈட்டியால் குத்துவதாகக் காட்டும் கருங்கற்களும் உண்டு. அஞ்சுகிறவன் தனக்குத் தெரிந்த பெயர்கள் அனைத்தையும் கூப்பிடுகிறான். எந்தப் பெயர் எந்தச் சமயத்துக்குரியது என்று அவ்வேளையில் அவன் பார்ப்பதில்லை.

உருவங்களினும் என்னை நெகிழச் செய்தவை அவற்றின் பயன்கள். குனிந்து கதிரறுக்கும் உழவனைச் செதுக்கிய கல் இடுப்பு வலிக்கு. நாளெல்லாம் குனிந்தும் நோவாதவனாக அந்த உழவன் எண்ணப்பட்டான் போலும். சிங்கமுகப் பாம்பு வயிற்று நோய்க்கு. கவிழ்த்த குடுவைபோல் கருப்பையை வரைந்து, அதன் வாயில் ஒரு சாவியையும் செதுக்கிய கல், பேறுகாலத்தில் திறக்கவும் மற்றக் காலத்தில் மூடிக் காக்கவும் வேண்டி அணியப்பட்டது. இதற்கு இரும்புத்தாது நிறைந்த ஹேமடைட் என்னும் கல்லையே தேர்ந்தார்கள். தேய்த்தால் குருதிபோல் சிவக்கும் கல்லுக்கும் குருதிப்போக்குக்கும் உறவுண்டு என்பது அவர்கள் கருத்து. இடுப்பு வலி, வயிற்று வலி, பேறுகால அச்சம் ஆகிய இம்மூன்றும் நம் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் நாளெல்லாம் அமர்ந்து பணிபுரியும் பெண்களுக்குத் தெரியாதவையா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியப் பெண்ணின் கல், நம் தெருவில் வாழும் ஒருத்தியின் முறையீடாகவே எனக்குத் தோன்றியது.

இந்நாட்டுக்கும் அக்கற்களுக்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. அக்கால மத்தியதரை நாடுகள் விரும்பிய மணிகள் பல இந்தியாவிலிருந்து சென்றவை. நீலப்பச்சைப் பெரில் கல் இந்தியாவில் விளைவது என்று பிளினி எழுதியுள்ளார். கொங்குநாட்டுக் கொடுமணலில் பெரில், சூதுபவளம், படிகம் முதலியவற்றை அறுத்துத் தீட்டித் துளையிட்ட பட்டறைகளை அகழாய்வு காட்டியுள்ளது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், ஒரு தலை செதுக்கிய மணிக்கல்லை 1937ஆம் ஆண்டளவில் கண்ட பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், அது உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் எனக் கருதினார். செங்கடற்கரையில் குசைர் அல்-காதிமிலும் பெரனிகேயிலும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயில் செராப்பிஸ் கோயிலின் முற்றத்தில் இந்தியப் பெருஞ்சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அந்தச் செராப்பிஸ் தெய்வத்தின் உருவமும் மந்திரக் கற்களில் இடம்பெற்றுள்ளது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் குவியலாகக் கிடைத்தன. 2024இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில், திமிலுடன் கூடிய காளையின் உருவம் செதுக்கிய சூதுபவளக் கல் ஒன்று வெளிப்பட்டது. பட்டாசு ஏற்றிய வண்டிகள் ஓடும் அதே கரிசல் மண்ணின் அடியில், ஒரு சிறு கல்மேல் ஒரு காளையைச் செதுக்கிய கை இருந்திருக்கிறது. அந்தக் கைக்குரியவனை என் அத்தாவுக்கு மூத்த தொழிலாளியாகவே நான் எண்ணிக்கொள்கிறேன்.

நம் மரபிலும் எழுத்துப் பொறித்த மோதிரம் ஒன்று உண்டு. பிறநாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியபோது, முத்திரையில்லா மடலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கூறப்பட்டதால், வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்து அதில் தம் பெயரையும் தூதுத்துவத்தையும் பொறிக்கச் செய்தார்கள். அம்மோதிரம் பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் என்னும் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமற்போயிற்று என்பது நபிமொழித் தொகுப்புகள் கூறும் செய்தி. ஈண்டு நோக்கத்தக்கது, அது முத்திரை என்பதே. இன்னார் எழுதினார் என்று பிறருக்கு உறுதி கூறுவது அதன் பணி. அணிந்தவரைக் காப்பது அன்று. ஆனால் நம் மக்களிடையே எண்களையே காவலாகக் கொள்ளும் வழக்கம் பரவிற்று. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டி 786 என்று கடைப் பலகையிலும் வண்டியிலும் எழுதுகிறோம். மந்திரக் கற்களில் அடிக்கடி வரும் அப்ராசாக்ஸ் என்னும் பெயரின் கிரேக்க எழுத்துகளைக் கூட்டினால் 365 வரும். ஆண்டின் நாட்கள் அத்தனையும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாக அவர்கள் மகிழ்ந்தார்கள். மொழிகள் வேறாயினும் மனம் ஒன்றே.

இவ்வளவும் நூலறிவு. இதை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் வேறு.

இரண்டாம் ஆண்டு இளங்கலை வகுப்பில் புறநானூற்றின் எழுபத்தேழாம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். தலையாலங்கானத்துப் போர்க்களத்தில் நின்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையை இடைக்குன்றூர் கிழார் பாடியது. காலின் கிண்கிணியை நீக்கிக் கழல் அணிந்துவிட்டான். கைவளையை நீக்கி வில்லேந்திவிட்டான். ஆனால் தாலியை மட்டும் இன்னும் களையவில்லை. பிள்ளைப் பருவத்தில் காவலாகக் கட்டும் ஐம்படைத்தாலி அது என்று விளக்கினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"எல்லாத்தையும் கழற்றினவன் அதை மட்டும் ஏன் ஐயா கழற்றல?"

அவனது இளமையைக் காட்டவே புலவர் அவ்வாறு பாடினார் என்று, உரைகள் சொல்லும் விடையைச் சொன்னேன். அவன் சற்றுத் தயங்கி, "அவங்க அம்மா கழற்ற விட்டிருக்க மாட்டாங்க ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் விரல்கள் அவன் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவன் தாய் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் என்பதை நான் அறிவேன். நான் சிரிக்கவில்லை. எனக்கு என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஆண்டு. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆலைகளில் வேலை நெருக்கிய நேரம். என் அக்காவின் கணவர் ஓர் ஆலையில் மருந்து கலக்கும் அறையில் பணிபுரிந்தார். எங்கள் வட்டாரத்தில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கு மருந்து என்றே பெயர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள். ஒரு நாள் முற்பகல் அந்த அறை வெடித்தது. மச்சானோடு இருவர் இறந்தனர். மருத்துவமனையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் அவர் உடைமைகளைக் கொடுத்தார்கள். அதில் என் அம்மா தர்காவிலிருந்து வாங்கிவந்து அவர் புயத்தில் கட்டிவிட்ட செப்புத் தாயத்து இருந்தது. மேலே கருகியிருந்தது; உள்ளே எண்கள் எழுதிய தகடு சிதையாமல் இருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த இரவில், படித்தவன் என்ற செருக்கோடு அம்மாவிடம் கேட்டேன்: "இதைக் கட்டினீங்களே, இது காப்பாத்துச்சா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை எடுத்துத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். என் கருத்தில் தவறில்லை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கருத்தில் தவறில்லை, கேட்டதில் தவறு இருந்தது.

கருத்தைப் பொறுத்தவரை நம் மார்க்கத்தின் நிலை தெளிவானது. இரண்டாம் நூற்றாண்டின் பெருமருத்துவர் காலன், நம் யுனானி மருத்துவர்கள் ஜாலினூஸ் என்று போற்றுபவர், வயிற்று நோய்க்குப் பச்சை ஜாஸ்பர் கல்லைப் பரிந்துரைத்தார். அதில் கதிர் சூழ்ந்த பாம்பைச் செதுக்க வேண்டும் என்று பழைய நூல்கள் கூறினவே என்று, உருவம் இல்லாத கற்களையும் கோத்து அணிவித்துப் பார்த்தார். பயன் ஒன்றேதான் என்று எழுதினார். உருவத்துக்கு ஆற்றல் இல்லை என்று காணும் அளவுக்கு அவர் அறிவு சென்றது. கல்லுக்கு ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையோடு நின்றுவிட்டது. எஞ்சிய அடியையும் எடுத்து வைத்தவர் உமர் (ரலி) அவர்கள். கஅபாவின் கறுப்புக் கல்லை முத்தமிட்டபோது, நீ தீங்கும் நன்மையும் செய்ய இயலாத ஒரு கல் என்பதை அறிவேன், இறைத்தூதர் முத்தமிட்டதைக் கண்டதாலேயே நானும் முத்தமிடுகிறேன் என்னும் கருத்துப்பட அவர்கள் மொழிந்தார்கள். கல் கல்லே. காப்பவன் ஒருவனே. இதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை.

ஆனால் உமர் (ரலி) அவர்கள் அச்சொல்லைக் கல்லை நோக்கிச் சொன்னார்கள். நானோ அதைக் கணவனை இழந்த மகளை மடியில் வைத்திருந்த ஒரு தாயை நோக்கிச் சொன்னேன்.

மாணவனின் சொல்லைக் கேட்ட அன்று மாலை வீடு சென்று, எழுபதைக் கடந்துவிட்ட அம்மாவின் அருகில் அமர்ந்தேன். இலண்டனிலிருந்து வந்த படங்களைக் காட்டினேன். குடுவையும் சாவியும் உள்ள கல்லை விளக்கியபோது அவர் மெல்லச் சிரித்தார். பிறகு, அன்று நான் கேட்டது தவறு என்றேன். அவர் மறந்திருப்பார் என நினைத்தேன். மறக்கவில்லை.

"அது காப்பாத்தும்னு நெனச்சா கட்டுனேன்? காப்பாத்துறது அல்லாஹ்தான்னு எனக்குத் தெரியாதா? காலையில நெருப்புக்குள்ள போற புள்ளைய வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட கொடுக்க?"

இந்த விடையை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. அவர் தந்திருக்கக்கூடியது வேறொன்றும் இல்லை; ஆனால் தந்திருக்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருந்தார்கள். மருந்தைக் கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பதும், அளவுக்கு மீறி மருந்தைச் சேர்த்து வைத்தலாகாது என்பதும், இரும்புக் கருவி கூடாது என்பதும், உடம்பில் தேங்கும் மின்னூட்டத்தை வெளியேற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும் என்பதும், பருத்தி உடையே அணிய வேண்டும் என்பதும் நம் வட்டாரம் அறிந்த விதிகள். மச்சான் பணிபுரிந்த அறையில் அன்று ஏழு பேர் இருந்ததாக உயிர் பிழைத்தவர் ஒருவர் எங்களிடம் சொன்னார். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோன வெடிவிபத்தை இம்மாவட்டத்தில் யார் மறக்க இயலும்? அவர்களுள் எத்தனை பேர் கழுத்திலும் புயத்திலும் எந்தெந்தத் தெய்வத்தின் பெயரால் எந்தெந்தத் தாய் கட்டிய கயிறுகள் இருந்தனவோ, இறைவனே அறிவான்.

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு நம்பிக்கை கொள்வதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை கொள்வதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அறிகிறோம். நம் ஆலைகளில் ஒட்டகம் அவிழ்ந்து கிடக்கிறது. கயிறு மட்டும் தொழிலாளியின் கழுத்தில் இருக்கிறது.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, "உங்க அம்மா வேலை பாக்குற ரூம்ல எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டேன். "ஆறு பேர் ஐயா, தீபாவளி நெருங்கினா கூடும்" என்றான். விதி நால்வர் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவன் தாய்க்கும் தெரியவில்லை. அவனையும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வரும் வேறு சில மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, அவ்விதிகளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதினோம். சொற்களை மாணவர்களே தேர்ந்தார்கள். நான் இலக்கணப்பிழை மட்டும் திருத்தினேன். சிவகாசியிலேயே அச்சடித்து அவரவர் ஊரில் வீடுவீடாகச் சென்று படித்துக் காட்டினார்கள். ஒரு தாளால் ஆலைகள் திருந்திவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அம்மாணவனின் தாய் அறைவாசலில் நின்று, உள்ளே ஏற்கெனவே நால்வர் இருக்கிறார்கள் என்று சொல்லி மேற்பார்வையாளரிடம் ஒரு நாள் வாதாடினாராம். அன்று அவரை வேறு அறைக்கு அனுப்பினார்களாம். அவன் வந்து சொன்னபோது அவன் கழுத்தில் கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்து எழுதச் சொன்னார் என் அத்தா. முத்திரையை எழுதியவன் மடலைப் பெறுகிறவனுக்காக எழுதினான். மந்திரக் கல்லை எழுதியவன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நோக்கி எழுதினான். தமிழ் படித்த நாம் யாரை நோக்கி எழுதுகிறோம் என்பதை மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். காலையில் நெருப்புக்குள் போகிறவர்கள் நமக்கு மிக அருகில், அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாதிருக்கும் பொறுப்பைத் தாய்மார்களிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. நம் முயற்சியை ஏற்று அவர்களைக் காக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.